காட்சிசாலையில் பேசுவோரும் அவர் பின்னே நிற்போரும்

சென்னை எழும்பூரிலுள்ள மியூசியத்திற்கு நமது முன்னோர் இட்ட பெயர் 'செத்த காலேஜ்' என்பது. காஞ்சிபுரம் முதலிய ஊர்களிலிருந்து பட்டணம் பார்க்கப் போனவர்கள், திரும்பி வந்து, "செத்த காலேஜும் பார்த்தோம், உயிர் காலேஜும் பார்த்தோம்" என்று திண்ணையில் உட்கார்ந்து கணக்கொப்பிப்பது வழக்கமாக இருந்தது. இதில் பரிகாசம் ஒன்றுமில்லை. 1851-ம் வருஷத்தில் அந்த மியூசியம் ஆரம்பமானபோது, செயிண்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி என்று வழங்கிய கட்டிடத்தின் மாடியிலேதான் அதற்கு இடம் கிடைத்தது. மெட்ராஸ் லிட்டரரி சொஸைட்டியார் சேர்த்து வைத்திருந்த ஆயிரத்துச் சொச்சம் கற்களும் கனிப்பொருள்களுமே அதன் முதல் ஆஸ்தி. எட்வர்டு பால்பர் என்ற டாக்டர் அதற்குப் பொறுப்பாளராயிருந்தார். 1854-ல் அது எழும்பூருக்கு மாறியது. 'காலேஜ்' என்ற பெயரோ ஜனங்களின் நாவில் தங்கிவிட்டது. அடுத்த வருஷம் அதே தோட்டத்தில் பால்பர் உயிருள்ள மிருகங்களையும் கொண்டுவந்து வைத்தார். கூட்டம் பெருகிற்று. பாடம் செய்த மிருகம் இருக்குமிடம் செத்த காலேஜ், உறுமுகிற மிருகம் இருக்குமிடம் உயிர் காலேஜ் என்று ஜனங்கள் தாமே பாகுபாடு செய்துகொண்டனர்.

அந்த உயிர் காலேஜ் 1863-ல் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போயிற்று. 1985-ல் வண்டலூர்க் காட்டிற்குக் குடிபெயர்ந்தது. இப்பொழுது அது காஞ்சியில் பிறந்த அண்ணாதுரையின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆகவே அதன் விஷயத்தில் காஞ்சி வாசிகளுக்கு ஒருவித உரிமை உண்டு என்று சொல்லலாம். ஆனால் இன்று நாம் எழுதப் புகுந்தது உயிர் காலேஜைப் பற்றி அன்று. உறுமாத மிருகங்களும், பேசாத கற்களும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற மற்றதைப் பற்றியே.

அங்கே போகிறவர்கள் செய்வது என்ன என்பதைக் கவனித்தவர்களுக்குத் தெரியும். திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டுக்கு முன் எல்லோரும் நிற்பார்கள். அதன் அளவே அவர்களை நிறுத்திவிடுகிறது. பிறகு பட்சிகளின் வரிசை, பாம்புகளின் வரிசை, சங்குகளின் வரிசை. கால் நடந்துகொண்டே இருக்கும். கண் ஒன்றிலும் தங்காது. ராபர்ட் புரூஸ் பூட் என்ற பூகர்ப்ப சாஸ்திரி 1863-ம் வருஷம் மே மாதம் பல்லாவரத்தில் கண்டெடுத்த கற்கருவியோடு நமது தேசத்தின் ஆதிமனிதரைப் பற்றிய ஆராய்ச்சி தொடங்கிற்று. அவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த பொருள்கள் 1904-ல் இந்த மியூசியத்திற்கே வந்து சேர்ந்தன. 1863-லேயே அவர் கண்ட அதிரம்பாக்கத்துக் கருவிகளில் மிகப் பழையவை சுமார் பதினைந்து லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவையென்று 2011-ல் வெளியான ஆராய்ச்சி காட்டுகிறது. இவ்வளவு மகிமை பொருந்திய கற்களுக்கு முன்னே ஒரு குடும்பம் எத்தனை நேரம் நிற்கிறது? பெரும்பாலோர் நிற்பதேயில்லை. பார்வைக்கு அவை உடைந்த ஜல்லிபோலவே இருக்கின்றன. பக்கத்தில் ஒருவர் நின்று, "இதைக் கையில் பிடித்தவன் கட்டை விரலை இந்த இடத்தில் வைத்திருப்பான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்; பின்னால் வருகிறவர்களும் கூடிவிடுவார்கள்.

இவ்விதம் சொல்லுவதற்கென்றே மனிதரை வைக்கவேண்டுமென்ற எண்ணம் உலகத்தில் ஏற்பட்டு நூறு வருஷத்துக்குச் சற்று அதிகமாகிறது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக் கலைக்காட்சிசாலை 1907-ல் இம்முறையை ஆரம்பித்தது. கற்பிப்பவர் என்னும் பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து அவர்களுக்கு 'டோஸெண்ட்' என்று பெயரும் வைத்தது. இங்கிலாந்திலே ஸுட்லி பிரபு என்பவர் இதற்காக ஓயாமல் வாதாடினார். அதன் பயனாக 1911-ல் பிரிட்டிஷ் மியூசியத்திலும், 1912-ல் லண்டன் இயற்கைப்பொருட் காட்சிசாலையிலும் சம்பளம் பெறும் வழிகாட்டிகள் நியமிக்கப்பட்டனர். ஆனால் எந்தச் சர்க்காரும் எல்லாக் கூடங்களுக்கும் போதுமான ஆட்களைச் சம்பளத்துக்கு வைத்ததில்லை. ஆகையால் காலக்கிரமத்தில் ஓய்வுபெற்ற உபாத்தியாயர்களும், கல்லூரி மாணவர்களும், வீட்டு வேலை முடித்து வரும் ஸ்திரீகளும் தொண்டர்களாக முன்வந்து அவ்வேலையைச் செய்யும் ஏற்பாடு தேசங்கள்தோறும் பரவிற்று. நமது நாட்டிலும் அத்தகைய தொண்டர்கள் இருக்கின்றனர். இன்னும் பலர் அழைப்பாரின்றி வீட்டிலிருக்கின்றனர்.

தொண்டர்களைப் புகழ்ந்து பேசுவோர் பலர். அவர்களுக்குப் பின்னே நின்று வேலை செய்வோரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒருவர் முன்வந்துவிட்டால், அவர் தாமே கற்றுக்கொண்டு, தாமே வந்து, தாமே பேசிவிட்டுப் போய்விடுவார் என்று காட்சிசாலைகளை நடத்துவோர் பலர் நினைக்கிறார்கள். மூன்று மாதம் கழித்துத் தொண்டர் வருவதை நிறுத்திவிட்டால், "நம்மவர்களுக்கு நிலையான ஊக்கம் கிடையாது" என்று குறை கூறுகிறார்கள். இக்குறை நியாயமானதன்று என்பது நமது அபிப்பிராயம்.

காஞ்சிபுரத்தார்க்கு இதை விளக்குவது சுலபம். அவ்வூர்ப் பட்டுச் சேலையில் உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக இருக்கும். இரண்டையும் நெய்யும்போதே ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு போவதற்குக் கோர்வை என்று பெயர். அதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். நெசவாளர் ஒருவரால் மூன்றையும் எறிய முடியாது. ஒரு பக்கத்துக் கரைக்குரிய நாடாவை எறிய, தறியின் ஓரத்தில் ஓர் உதவியாள் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த ஆள் ஒரு வினாடி தாமதித்தால் கரை பிசகும். சேலை விற்பனையாகும்போது ஜவுளிக் கடைக்காரர் நெசவாளரின் திறமையைச் சொல்லுவார். ஓரத்தில் உட்கார்ந்தவரைப் பற்றி அவருக்கே தெரியாது. (இந்த உவமையை நாம் முழுவதும் பாராட்டி எழுதவில்லை. அந்த ஓரத்து ஸ்தானத்தில் நெடுங்காலம் குழந்தைகளே உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்தனர். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகப் பள்ளிக்கூடத்தைக் காணாமலே வளர்ந்தவர் பலர். 1990-களின் பிற்பகுதியில் அவர்களைத் தறியிலிருந்து மீட்டுப் பள்ளிக்கு அனுப்பும் முயற்சி தீவிரமடைந்தது. இன்று காட்சிசாலைக்கு வரும் காஞ்சிக் குழந்தைகளில் சிலருடைய தகப்பனாரும் தாயாரும் அப்படி உட்கார்ந்தவர்களாயிருக்கலாம் என்பதை வழிகாட்டுவோர் மறக்கலாகாது.)

பின்னே நிற்பவரின் வேலை என்ன? முறை எழுதுவது முதல் வேலை. எந்த நாள், எந்த மணி, எந்தக் கூடம், யார் வருவார், வராவிட்டால் பதிலுக்கு யார் என்று எழுதி, முதல் நாள் மாலையில் ஒவ்வொருவருக்கும் ஞாபகப்படுத்துவது. இது குமாஸ்தா வேலை என்று இகழத்தக்கதன்று. ஐம்பது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒரு பள்ளிக்கூடத்து வண்டி வாசலில் வந்து நிற்கும்போது, உள்ளே பேசுவதற்கு ஒருவருமில்லையானால், அந்த உபாத்தியாயர் மறு வருஷம் பிள்ளைகளை அழைத்து வரமாட்டார். ஒரே ஒரு தொண்டர் மட்டும் இருந்து, ஐம்பது பேரையும் அவர் தலையில் கட்டினாலோ, மறு வாரம் அவரே வரமாட்டார். குடிதண்ணீர் எங்கே, பையை எங்கே வைப்பது, இரண்டு மணி நேரம் நின்று பேசியவர் உட்காரச் சிறிது இடம் உண்டா, பஸ் செலவு யார் கொடுப்பது என்பனவும் அவரே கவனிக்கவேண்டியவை. தொண்டு என்றால் கைப்பணத்தையும் இழப்பது என்று அர்த்தமில்லை. அதிலும் நெசவாளர் ஒருவரைத் தறியைப்பற்றிப் பேச அழைத்தால், சேலைக்கு இவ்வளவென்று கூலி பெறுகிறவர் அவர். காட்சிசாலையில் கழித்த அரை நாள் அவருக்கு அரை நாள் கூலி நஷ்டம். ஓய்வூதியம் பெறுகிற உத்தியோகஸ்தரையும் அவரையும் 'இருவரும் தொண்டர்கள்தானே' என்று ஒரே தராசில் நிறுப்பது அநியாயம். அந்த நஷ்டத்தைக் கொடுத்துவிட்டுத்தான் அழைக்கவேண்டும்.

இரண்டாவது வேலை இதனினும் கடினமானது. பேசுகிறவருக்குச் சரக்குச் சேர்த்துக் கொடுக்கவேண்டும். பட்டுப்புழு ஒன்றையே உதாரணமாகக் கொள்வோம். காஞ்சியில் பட்டைத் தொடாத தெரு அரிது. ஆனால் பட்டுப்புழுவைக் கண்ணால் கண்டவர் அங்கே மிகச் சிலரே. புழு வளர்வது கர்நாடகத்திலும், நமது தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கங்களிலும். சரிகை பெரும்பாலும் சூரத்திலிருந்து வருகிறது. காஞ்சிக்கு வருவது நூல்தான். ஆகவே அவ்வூர்ப் பிள்ளைகளுக்குக் காட்சிசாலையில் ஒரு பெட்டியில் முட்டையும், புழுவும், கூடும், அந்துப்பூச்சியும் வரிசையாக வைத்துக் காட்டினால், தங்கள் வீட்டுச் சோற்றின் வரலாற்றையே காட்டினதாகும்.

அந்தப் பெட்டியின் முன் நிற்கும் தொண்டர் என்ன சொல்லவேண்டும்? முட்டையிலிருந்து வெளிவந்த புழு சுமார் இருபத்தைந்து நாள் முசுக்கொட்டை இலையைத் தவிர வேறொன்றும் தின்னாது. நான்கு முறை தோலுரிக்கும். அதற்குள் அதன் எடை ஏறக்குறைய பதினாயிரம் மடங்கு பெருகிவிடும். பிறகு தின்பதை நிறுத்தி, தலையை ஆட்டி ஆட்டி, இரண்டு மூன்று நாளில் தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்ளும். அக்கூடு முழுவதும் அறாத ஒரே இழை. ஆயிரம் மீட்டர் அளவுக்கு ஓடும். தனி இழை மிக மெல்லியதாதலால், பல கூடுகளின் இழைகளைச் சேர்த்தே ஒரு நூல் எடுக்கப்படும். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மனிதன் கையிலேயே வளர்ந்தபடியால், இந்தப் பூச்சிக்குச் சிறகிருந்தும் பறக்கும் சக்தி இல்லை. மனிதன் கைவிட்டால் இந்த ஜாதியே இல்லாமற் போகும்.

இவ்வளவும் சொன்னபின், கூட்டத்திலிருந்து ஒரு குழந்தை கேட்கும்: "கூட்டுக்குள் இருக்கிற பூச்சி என்ன ஆகும்?"

இக்கேள்வி கோயில் நகரத்தில் வராமலிரா. அதற்கு விடை ஒன்றே. பூச்சி துளைத்துக்கொண்டு வெளியே வந்தால் இழை அறுந்துபோகும். ஆகையால் அதற்கு முன்னரே ஆவியிலோ சூட்டிலோ அது கொல்லப்படுகிறது. பட்டுக்குப் பெயர்போன அதே ஊரில் மடம் கொண்டிருந்த சங்கராசாரிய சுவாமிகள், 1994-ல் நூறாவது வயதில் காலஞ்சென்ற சந்திரசேகரேந்திர சரஸ்வதி, இந்த ஹிம்ஸையைக் கருதியே பட்டு உடுப்பதை விடும்படி தமது சீடர்களுக்கு உபதேசித்துவந்தார். பூச்சி வெளியேறியபின் கூட்டை நூற்று நெய்கிற அஹிம்சைப் பட்டும் இக்காலத்தில் உண்டு. ஆனால் அதன் நூல் வேறு விதமானது, பளபளப்பும் குறைவு. மற்றொரு பக்கத்தில், காஞ்சியிலும் சுற்றுக் கிராமங்களிலும் பல்லாயிரம் குடும்பங்கள் பட்டுத் தறியையே நம்பியிருக்கின்றன. கேட்கிற குழந்தை நெசவாளர் வீட்டுக் குழந்தையாயிருக்கலாம். பக்கத்தில் நிற்கும் குழந்தை சுவாமிகளின் உபதேசப்படி பட்டை விட்ட வீட்டுக் குழந்தையாயிருக்கலாம்.

இங்கே தொண்டர் என்ன செய்வார்? தயாரில்லாதவர் இரண்டிலொன்று செய்வார். "பூச்சி பறந்து போய்விடும்" என்று பொய் சொல்லித் தப்பித்துக்கொள்வார். அல்லது கொலையைப் பற்றி உபந்நியாசம் செய்து, தறிக்கார வீட்டுப் பிள்ளையைத் தலைகுனிய வைப்பார். இரண்டும் கெடுதியே. பின்னே நிற்பவர் இக்கேள்வி வருமென்று முன்கூட்டியே அறிந்து, தொண்டரோடு உட்கார்ந்து பேசியிருக்கவேண்டும். நடந்ததை நடந்தபடி சொல். சுவாமிகள் சொன்னதையும் சொல். தறியை நம்பிய குடும்பங்களையும் சொல். எது சரியென்ற தீர்ப்பைக் குழந்தை வீட்டுக்குக் கொண்டுபோகட்டும் என்று அவருக்குத் தைரியம் கொடுத்திருக்கவேண்டும். அச்சிட்ட குறிப்புத் தாளால் இது ஆகாது. இரண்டு பேர் ஒருமுறை நேரில் பேசிப் பார்த்தால்தான் ஆகும். ஒருவர் குழந்தையாகக் கேட்க, மற்றவர் பதில் சொல்லிப் பழகவேண்டும்.

மூன்றாவது, பிழை திருத்துவது. இதைப்போல் தர்மசங்கடமான காரியம் வேறில்லை. சம்பளக்காரரானால் மேலதிகாரி கண்டித்துவிடலாம். எழுபது வயதான ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், தம் செலவில் வந்து, நாற்பது பிள்ளைகளுக்கு முன்னே நின்று, "கடலிலுள்ள மீன்களிலெல்லாம் பெரியது திமிங்கிலம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். திமிங்கிலம் மீனன்று, நுரையீரலால் மூச்சுவிட்டு, குட்டி ஈன்று பால் கொடுக்கும் பிராணி. பிள்ளைகள் எதிரில் குறுக்கே பேசித் திருத்தினால் பெரியவர் மனம் புண்படும். பேசாதிருந்தால் நாற்பது பிள்ளைகளும் தவறான பாடத்தோடு போவார்கள். அனுபவமுள்ள ஒருவர் செய்வது இதுதான்: கூட்டம் கலைந்தபின், காப்பி கொடுத்து, "ஐயா, அந்த எலும்புக்கூட்டின் முன் துடுப்புக்குள்ளே விரல் எலும்புபோல் இருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமே, நம் கைபோலவே இருக்கிறது, மீனுக்கு அப்படி இராதல்லவா" என்பார். பெரியவர் மறு வாரம் அதையே தம் கண்டுபிடிப்புப்போல் சொல்லுவார். சொல்லட்டும். யார் கண்டுபிடித்ததென்பதா முக்கியம்?

கோயிலூர்களில் பிழை திருத்துவதின் அருமை நன்றாய் விளங்கும். காஞ்சியில் யாத்திரிகர்களுக்கு வழிகாட்டுவோருக்குக் குறைவில்லை. வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொடச் செய்வார்கள். ஏகாம்பரநாதர் கோயிலில் மாமரத்தைக் காட்டி மூவாயிரத்தைந்நூறு வருஷத்து மரம் என்பார்கள். ஸ்தல புராணம் ஸ்தல புராணமாகவே இருக்கட்டும். அதில் நமக்கு வழக்கில்லை. ஆனால் காட்சிசாலையில் பேசுகிறவர், "ஐதிகம் இப்படிச் சொல்லுகிறது, ஆராய்ச்சி இப்படிச் சொல்லுகிறது" என்று இரண்டையும் பிரித்துச் சொல்லக் கற்கவேண்டும். கைலாசநாதர் கோயிலுக்கே அவரை அழைத்துப்போய்ப் பழக்கலாம். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் கட்டிய அக்கோயிலின் அடித்தளம் கருங்கல், மேலே சிற்பங்கள் செதுக்கியது மணற்கல். அடிவரிசை இன்னும் உறுதியாயிருக்க, மேலுள்ள சிங்கங்களின் முகம் கரைந்துபோனதற்குக் காரணம் அதுவே. கோயிலைச் சேவிக்க வந்தவர்களுக்கு இதைவிட நல்ல கற்சாஸ்திரப் பாடம் எங்கே கிடைக்கும்? ராமாநுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக் களிப்பாறைகளில், பத்துக்கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட செடிகளின் இலைத் தடங்களும், கடற்பிராணிகளின் சுவடுகளும் கிடைத்திருக்கின்றன. இன்று மோட்டார்த் தொழிற்சாலைகள் நிற்கிற அந்தப் பூமியில் ஒருகாலத்தில் கடல் அலைந்திருக்கிறது. இதைக் காஞ்சி ஜில்லாவின் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

பாஷையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நமது காட்சிசாலைகளில் இயற்கைப் பொருள்களின் கீழே நெடுங்காலம் இங்கிலீஷும் லத்தீனுமே எழுதப்பட்டன. தமிழ் சேர்ந்த இடங்களிலும், மொழிபெயர்ப்புக்காகப் பண்ணிய பெயர்கள் பல. ஜனங்கள் வழங்குகிற பெயர்கள் சில. மதுராந்தகத்தை அடுத்த வேடந்தாங்கலுக்குப் போய்ப் பாருங்கள். 2019-ல் ஜில்லா பிரிக்கப்படும்வரை அது காஞ்சிபுரம் ஜில்லாவைச் சேர்ந்ததாகவே இருந்தது. அவ்வூர்க் குடியானவர்கள், பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு எருவாவதை அனுபவத்தில் கண்டு, தலைமுறை தலைமுறையாக அவற்றைக் காத்துவந்திருக்கிறார்கள். பட்டாளத்தார் வந்து சுட்டபோது முறையிட்டு, 1790-களில் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் துரையிடம் பறவைகளுக்கு அபயம் பெற்றார்கள். 2022-ல் ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் அந்த ஏரி சேர்க்கப்பட்டது. அதைக் காப்பாற்றி வைத்தவர்கள் ராம்சார் என்ற ஊர் எங்கே இருக்கிறதென்று அறியாதவர்கள். நத்தை குத்தி நாரை, பாம்புத் தாரா, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், வக்கா என்று அவர்கள் சொல்லும் பெயர்களில் பறவையின் மூக்கும் கழுத்தும் குரலும் இருக்கின்றன. பட்டணத்துக் கல்லூரியிலிருந்து வரும் தொண்டர் இவற்றை இங்கிலீஷில் அறிந்திருப்பார். அவருக்குக் கிராமத்துப் பெயர்களைச் சேகரித்துக் கொடுப்பதும், கிராமத்துப் பெரியவரை ஒரு நாள் காட்சிசாலைக்கு அழைத்து வந்து பாடம் செய்த பறவைகளின் முன் நிறுத்திப் பேச வைப்பதும் பின்னே நிற்பவரின் காரியம். நூறு புஸ்தகம் செய்யாததை அந்த ஒரு நாள் செய்யும் என்று நாம் நம்புகிறோம்.

தொண்டர் கூட்டம் நம்மவர்களால் நிலைக்காது என்பவர்களுக்குச் சென்னைக் கடற்கரையே பதில். பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் மாதங்களில், நீலாங்கரைக்கும் பெசண்ட் நகருக்கும் இடையே இரவெல்லாம் மாணவர்கள் நடந்து, முட்டைகளைக் காத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். கூட வரும் பொதுஜனங்களுக்கு விஷயத்தை விளக்கியும் சொல்லுகிறார்கள். 1988 முதல் மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்புக் கூட்டத்தார் இதை நடத்திவருகின்றனர். மாணவர்கள் படிப்பு முடிந்து போய்விடுகிறார்கள்; வேலை மட்டும் நிற்பதில்லை. முந்தின வருஷத்தார் அடுத்த வருஷத்தாரைப் பழக்கிவிட்டுப் போகிற ஏற்பாடு அங்கே இருப்பதே காரணம். காட்சிசாலைகளில் அந்த ஏற்பாடு பெரும்பாலும் இல்லை. ஒரு நல்ல தொண்டர் இறந்தாலோ ஊர் மாறினாலோ, அவர் இருபது வருஷம் சேர்த்த அறிவு அவரோடேயே போய்விடுகிறது. அதை ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் எழுதி வைக்கக்கூட யாருமில்லை.

பொருள்களும் சாசுவதமல்ல. டில்லியில் 1978-ல் திறந்த தேசிய இயற்கைப்பொருட் காட்சிசாலை 2016-ம் வருஷம் ஏப்ரல் 26-ந் தேதி தீப்பற்றி எரிந்துபோயிற்று. முப்பத்தெட்டு வருஷமாகப் பிள்ளைகள் தொட்டும் பார்த்தும் பழகிய பொருள்கள் ஒரே இரவில் சாம்பலாயின. அங்கே கண்டதையும் கேட்டதையும் ஞாபகத்தில் வைத்திருக்கிற முன்னாள் குழந்தைகள் தேசமெங்கும் இருப்பார்கள். தீ அவர்களிடம் போகவில்லை.

நிற்க. இதற்கொரு ஆட்சேபம் உண்டு, அது அற்பமானதுமன்று. "தொண்டர்களை இப்படிப் பெருக்கினால், சர்க்கார் சம்பள உத்தியோகங்களைக் காலியாகவே விட்டுவிடுமே" என்கிறார்கள். நியாயமான பயம். பொருள்களைப் பாதுகாப்பதும், ஆராய்வதும், பட்டியலிடுவதும் பயிற்சிபெற்ற சம்பளக்காரரின் வேலை. அதைத் தொண்டரிடம் தள்ளுவது மோசடி. தொண்டரைப் பழக்கி முறைப்படுத்துகிறவரும் சம்பளக்காரராயிருப்பதே நல்லது. குறைந்தபட்சம் ஒருவராவது முழுநேரமும் அதற்கென்றே இருக்கவேண்டும். இருபது தொண்டர்களுக்குப் பின்னே ஒரு சம்பளம் என்பது பெரிய செலவன்று. அந்த ஒன்றை மிச்சம்பிடிக்கப் பார்த்து, இருபது பேரையும் இழப்பதுதான் இப்போது நடக்கிறது.

காஞ்சிபுரத்தில் சர்க்கார் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது, பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன, கல்லூரிகள் இருக்கின்றன, ஓய்வுபெற்ற உபாத்தியாயர்கள் தெருவுக்கு நான்கு பேர் இருக்கிறார்கள். ஆரம்பத்துக்குப் பத்துத் தொண்டர்களும், பின்னே நிற்க ஒருவரும் போதும். முதற் காரியமாகப் பட்டுப்புழுவையே எடுத்துக்கொள்ளலாம். தர்மபுரியிலிருந்தோ கிருஷ்ணகிரியிலிருந்தோ முட்டை வாங்கி வந்தால், பத்து நாளில் பொரித்து, மேலும் ஒரு மாதத்துக்குள் கூடு கட்டிவிடும். நாள்தோறும் புது முசுக்கொட்டை இலை வேண்டும்; இடம் சுத்தமாகவும், சூடு அதிகமில்லாமலும் இருக்கவேண்டும். சித்திரை வெயிலில் செய்வது உசிதமன்று. கார்த்திகைக்கு மேல் தை முடிவதற்குள் வைத்துக்கொள்ளலாம். வேடந்தாங்கலில் பறவைகள் நிறைந்திருப்பதும் அப்போதுதான். ஆகவே அதே தொண்டர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கேயும் அழைத்துப்போய், ஏரிக் காவல் பெரியவர்களோடு பேச வைக்கலாம். இலைக்குச் செடி வேண்டுமாதலால், பள்ளிக்கூடத் தோட்டங்களில் முசுக்கொட்டைக் குச்சிகளை இந்த மழைக்காலத்திலேயே ஊன்றிவிடுவது நல்லது.